நஞ்சு படாத தொட்டி

மிதந்துகொண்டிருந்த செடிகளின் வேர்கள் கழன்று தொட்டியின் அடியில் கிடந்தன. காலையில் கிருபானந்தன் பார்த்தபோது ஒவ்வொரு சின்ன இலையின் கீழும் ஒரு வெள்ளை நூல் நேராகத் தொங்கியது. பின்னேரம் மூன்று மணிக்கு ஒன்றுகூட இல்லை.

அது மகள் நிரோஜாவின் தொட்டி. கோடையில் ஏரிகளில் படரும் நீலப்பச்சைப் பாசியின் நஞ்சு நீர்ச்செடிகளை என்ன செய்கிறது என்பதுதான் பல்கலைக்கழகத்தில் அவள் செய்த ஆராய்ச்சி. ஒப்பிட்டுப் பார்க்க நஞ்சு படாத செடிகள் கொஞ்சத்தைப் பியர்பொன்ட்ஸ் என்ற புறநகரிலிருந்த தங்கள் வீட்டின் பேஸ்மென்ட்டில் வளர்த்தாள். "இதுக்கை மட்டும் ஒண்டும் போடாதேங்கோ அப்பா. இதுகள் செத்தா, சுகமா இருக்கிறது எப்பிடியெண்டு காட்ட என்னட்டை ஒண்டுமில்லை," என்றிருந்தாள். 2008 ஒக்டோபரில் நெடுஞ்சாலை விபத்தில் அவள் போன பிறகு, அவள் கைபட்டு உயிரோடு மிஞ்சியது இந்தச் செடிகள் மட்டும்தான்.

பனி சன்னலை அரைவாசி மூடியிருந்தது. ஹீட்டர் இடையிடையே நெட்டி முறிப்பது போல் சத்தமிட, தண்ணீரிலிருந்து மழை ஓய்ந்த வளவின் சேற்று மணம் எழும்ப, தொட்டி விளக்கை நாடிப் போகவேண்டிய, தண்ணீரின் மேல் படர்ந்த மெல்லிய பச்சை ஏடு, அவருடைய கதிரை இருந்த இருட்டுப் பக்கமாக ஒதுங்கி நின்றது. அவர் கதிரையை மற்றப் பக்கம் இழுத்துப் போட்டார். சற்று நேரத்தில் பச்சையும் அங்கே வந்தது.

"இஞ்சேருங்கோ, கீழை என்ன மணக்குது?" மேலிருந்து மனைவி யோகராணி கேட்டாள்.

"ஒண்டுமில்லை."

"ஒண்டுமில்லாததுக்கோ மூண்டு நாளாக் கீழை கிடக்கிறியள்? சாப்பாட்டைக் கட்டித் தரட்டோ, வேலைக்குப் போற மாதிரி?"

அவர் மகளின் கொப்பியை எடுத்து எழுத்துக்கூட்டி வாசித்தார். நஞ்சு பட்டால் முதலில் வேர் கழலும். பிறகு இலை வெளிறும். கடைசியில் கலங்களின் சவ்வு கிழிந்து உள்ளிருப்பது தண்ணீரோடு கலந்துவிடும். அடுத்த பக்கத்தில், ஏரிச் செடிகளோடு பாசியும் கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டிவரும், பொஸ்பரஸ் கிடைத்தால் பெருகும் என்றிருந்தது. பொஸ்பரஸ் எவற்றில் உண்டு என்றும் எழுதியிருந்தாள். வயல் உரம். சவர்க்காரம். எலும்புச் சாம்பல்.

கொப்பி மடியில் விழுந்தது.

ஆற்றில் அவள் சாம்பலைக் கரைத்த அன்று, முழுவதையும் விட்டுவிட மனம் வராமல் ஒரு பிடியை லேஞ்சித் துண்டில் முடிந்து வந்திருந்தார். யோகராணிக்குக்கூடச் சொல்லவில்லை. பிள்ளை வீட்டிலேயே இருக்கட்டும் என்று இந்தத் தொட்டியில்தான் கரைத்தார்.

ஆறு இலைகளில் இன்னும் பச்சை இருந்தது. நல்ல தண்ணீருக்கு மாற்றினால் பிழைக்கும். கோப்பையும் கரண்டியும் கொண்டுவந்தார். கரண்டி உள்ளே போனதும் அந்தப் பச்சைப் பாசி நகர்ந்து ஓர் இலையை மூடியது. விலகியபோது இலை வெள்ளை. இன்னொன்று. அதுவும் வெள்ளை.

கரண்டியைப் போட்டுவிட்டுக் கையை விட்டார்.

தண்ணீர் இளஞ்சூடாக இருந்தது. விரல்களுக்கிடையே விரல்கள் புகுந்தன. ஐந்து. இறுகப் பிடித்தன.

"விடு பிள்ளை," என்றார். "உன்ரை செடியெல்லே."

விடவில்லை. மூன்று இலைகள். இரண்டு. அவரும் இழுக்கவில்லை.

"ஆரைப் பிள்ளையெண்டு கூப்பிடுறியள்?"

யோகராணி படியிறங்கி வந்தாள். தொட்டியைப் பார்த்தாள். கடைசி இலை வெளிறியது.

அவர் கையைப் பிடித்திருந்த பச்சை விரல்களை இன்னும் குனிந்து பார்த்தாள். காப்பைக் கழற்றி வைத்தாள். ஸ்வெட்டர் கையை முழங்கைவரை சுருட்டினாள். பச்சை இரண்டாகப் பிரிந்து, இன்னொரு கையாகி, அவளை நோக்கி நீண்டது.