பட்டாணிக்கு முதுகு காட்டியவர்கள்

"ஒரு வாய்டா கண்ணு! ஒரே ஒரு வாய்!" அம்மா கெஞ்சினாள்.

பட்டாணி வாயைத் திறக்கவே இல்லை. முந்தாநாள் பேக்கரியின் பின்சந்திலிருந்து வீட்டின் கடைக்குட்டிப் பெண் வாலு தூக்கி வந்த நாய்க்குட்டி அது. அப்பாவின் செருப்பளவு உடம்பு, பிடிவாதமோ மலையளவு! கோழிக்கறி, முட்டை, பால்சோறு என்று எதை வைத்தாலும் முகர்ந்து பார்க்கும், உடனே சோபாவுக்கு அடியில் போய்ப் பதுங்கிக்கொள்ளும்.

காலையில் டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். "சாயங்காலத்துக்குள்ள சாப்பிடலைன்னா தூக்கிட்டு வந்துடுங்க. ஊசி வழியா குளுக்கோஸ் ஏத்திப் பார்க்கலாம். இந்தச் சின்ன உடம்பு தாங்குமான்னு சொல்ல முடியாது."

அதைக் கேட்டதிலிருந்து வாலு கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டில் எல்லாரும் அவளை வாலு என்றுதான் கூப்பிடுவார்கள். இன்று அந்த வாலுத்தனம் எங்கே போனதோ!

ஜன்னலில் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. அண்ணன் தட்டின் முன்னால் குட்டிக்கரணம் அடித்துக் காட்டினான். அப்பா குனிந்து, "ஆகா, அமிர்தம்!" என்று சப்புக்கொட்டினார். பட்டாணி இன்னும் உள்ளே ஒடுங்கியது.

"சரி, கிளம்பலாம். வண்டிச் சாவி எங்கே?" என்றார் அப்பா.

ஆளுக்கொரு மூலையில் தேடினார்கள். சாவி அப்பாவின் சட்டைப்பையிலேயே இருந்தது.

"என் பிஸ்கட்டைக் காணோம்! இங்கே தரையிலதானே வெச்சேன்?" அண்ணன் கத்தினான். "ஏய் வாலு, நீதானே தின்னே?"

"சத்தியமா இல்லேண்ணா! இருக்கிற கவலையில எனக்கு பிஸ்கட்தான் கேடா?"

சொல்லும்போதே சோபாவுக்கு அடியில் பார்த்தாள். பட்டாணியின் மூக்கில் பிஸ்கட் தூள்!

வாலுவுக்குச் சுருக்கென்றது. ரொட்டித்துண்டைத் தின்ற இதை, பேக்கரிக்காரர் துடைப்பத்தை ஓங்கிக்கொண்டு துரத்திய காட்சி கண்முன் வந்தது. பாவம்! சாப்பிடுவதை யாராவது பார்த்தால் அடி விழும் என்று பயந்து நடுங்குகிறது.

"எல்லாரும் சுவர் பக்கம் திரும்புங்க!"

"நேரமாகுது, இப்போ போய் விளையாடறியா?" அப்பா அதட்டினார்.

"விளையாட்டு இல்லப்பா. நாம பார்த்தா அது சாப்பிடாது. ஒரே ஒரு தடவை, ப்ளீஸ்ப்பா!"

அவள் அப்பாவின் கையைப் பிடித்து இழுத்தாள். அப்பா திரும்பினார். அம்மா திரும்பினாள். அண்ணனும் முணுமுணுத்துக்கொண்டே திரும்பினான்.

வாலு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒன்றும் நடக்கவில்லை. அண்ணன் மெல்லக் கழுத்தைத் திருப்ப, நறுக்கென்று கிள்ளினாள்.

"ஆ!"

"உஷ்ஷ்!"

தரையில் நகங்கள் உரசின. நின்றன. மறுபடியும் உரசின. பிறகு, சளக்... சளக்... தட்டு நகர நகர நக்கும் சத்தம்!

"இன்னும் எவ்வளவு நேரம்மா நிக்கணும்?" அப்பா கிசுகிசுத்தார்.

"அது முடிக்கிற வரைக்கும்," என்றாள் வாலு.

வாலுவின் கண்களிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது. நல்லவேளை, எல்லாரும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்பா மூக்கை உறிஞ்சியது மட்டும் நன்றாகவே கேட்டது.