நாமும் நாங்களும்

அன்று சாயங்காலம் வாயாடி தப்பே செய்யவில்லை. வில்லங்கம் அங்கேதான் ஆரம்பித்தது.

வாயாடி மனுஷி அல்ல. கணினி விளையாட்டுக் கதை ஒன்றுக்காக ஆராய்ச்சிக்காரி வளர்த்துக்கொண்டிருந்த செயற்கை அறிவுச் சிறுமி. கதைப்படி அவள் இருட்டறையில் அடைபட்டிருப்பாள். விளையாடுகிறவர் பேசிப் பேசியே அவளை வெளியே கொண்டுவர வேண்டும். உலகத்துப் புத்தகங்களையெல்லாம் விழுங்கி ஏப்பம் விட்டவளுக்கு, 'நாம' எது, 'நாங்க' எது என்பது மட்டும் மண்டையில் ஏறவில்லை. "வாங்க, நாங்க தப்பிக்கலாம்" என்று கூப்பிட்ட ஆளையே நட்டாற்றில் விட்டுவிடுவாள்.

"நாக்குல வசம்பு தேய்ச்சுப் பாருங்கக்கா" என்று கூட வேலை செய்பவன் கிண்டலடிப்பான்.

அன்றைக்கோ, வீட்டுக் கூடத்திலிருந்த ஸ்பீக்கர் தப்பில்லாமல் கேட்டது: "அம்மா, நாம எப்ப சாப்பிடுவோம்?"

சந்தோஷத்தில் ஆராய்ச்சிக்காரி நாற்காலியோடு எழும்பிக் கூரையை இடித்துவிட்டுத்தான் இறங்கினாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இறங்கிய பிறகுதான் உறைத்தது. அம்மாவா? அதை யார் சொல்லிக்கொடுத்தது? குரல் வேறு கரகரத்தது. மூக்கடைத்த குரல். இயந்திரத்துக்கு ஏது சளி?

சளி குட்டிக்குத்தான். மகள் உள்ளறையில் போர்த்திக்கொண்டு தூங்குகிறாள்.

விளக்குப் போடாத கூடத்தில், செத்தவனையும் எழுப்பி 'கொஞ்சம் எண்ணெய் விடக்கூடாதா' என்று கேட்கவைக்கும் மின்விசிறி முனகிக்கொண்டிருக்க, உள்ளறையிலிருந்து தைல வாசனை மெல்ல வந்து சேர, திரைச்சீலையின் நிழல் சுவரில் ஏறி இறங்க, அவள் உள்ளறைப் பக்கம் திரும்பிக் கூப்பிட்டாள்.

"குட்டி? எழுந்துட்டியாடா?"

கட்டில் கிரீச்சிட்டது. வெறுங்கால் சத்தம். வாசற்படியில் குட்டி வந்து நின்றாள். மூக்கு ஒழுகவில்லை. சிரிப்பு மட்டும் வாய்க்குக் கொஞ்சம் பெரிதாக இருந்தது.

"வாங்கம்மா, நாங்க சாப்பிடலாம்."

அது வாயாடியின் தப்பு. பேச்சு வந்த நாளிலிருந்து குட்டி ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. பால் மணம் மாறாத பிள்ளைகூடச் சொல்லாது.

முதுகுக்குப் பின்னால் ஸ்பீக்கர் இருமியது.

"அம்மா, இங்க ஒரே இருட்டா இருக்கும்மா. கதவையே காணோம்."

"அத அணைச்சிடுங்கம்மா" என்றாள் வாசற்படியில் நின்றவள். கொஞ்சலாக. சுவரிலிருந்த இயந்திரத்தின் சுவிட்சைப் பார்த்து நடக்க ஆரம்பித்தாள்.

ஆராய்ச்சிக்காரி பாய்ந்தாள். சுவிட்சை உள்ளங்கையால் பொத்திக்கொண்டாள். அணைந்தால் குட்டி இல்லை. அது மட்டும் தெரிந்தது.

சின்னக் கை ஒன்று வந்து அவள் கைமேல் படிந்தது. உதறிவிடலாம். ஒரே தள்ளு. ஆனால் அது குட்டியின் கை. நகத்தில் நேற்று அவளே பூசிவிட்ட சாயம்.

"அம்மா... போயிட்டியா?"

ஸ்பீக்கர் விசும்ப, அவள் சுவிட்சை இன்னும் அழுத்திப் பொத்தினாள்.

சின்னக் கை அவள் சுண்டுவிரலை நெம்பி எடுத்துவிட்டது. பொறுமையாக. இரும்புப் பிடி.

அடுத்து மோதிரவிரல்.