குறையில்லை என்று ஒரு நேயர்

காலையில் அலுவலகம் வந்ததும் என் முதல் வேலை வசவு வாங்குவது. காப்பியை மேசையில் வைத்துவிட்டுத் திரையைத் திறப்பேன். நாதவெளி வானொலியின் நேயர்கள் வரிசைகட்டி நிற்பார்கள். 'அது தம்பூராவா, கொசுவா?' என்பார் ஒருவர். 'கச்சேரி முடிவில் மங்களம் பாடும்போதே அதன் கழுத்தை நெரித்துச் செய்தி போடுகிறீர்களே, நியாயமா?' 'அறிவிப்பாளருக்கு ராகத்தின் பெயர் வாயில் நுழையாவிட்டால் வேறு வேலை பார்க்கட்டும்.' எல்லாரும் ஒத்துப்போகும் கருத்து ஒன்று உண்டு. முன்பெல்லாம் நன்றாக இருந்தது, இப்போது தரம் போய்விட்டது.

உண்மைதான். போகவிட்டதே நாங்கள்தான்.

எங்கள் நேயர்களில் அநேகமாக யாரும் உயிரோடு இல்லை. வேலை மும்முரத்தில் கேட்க முடியாதவர்கள் ஒரு காலத்தில் தங்களுக்குப் பதிலாகக் கேட்கக் கணினியில் செவிப்பிரதிகளைப் பதிவு செய்துகொண்டார்கள். ஆளின் காதும் ரசனையும் எரிச்சலும் அப்படியே அதில் இருக்கும். நாள் முழுக்கக் கேட்டு, நல்லதைப் பொறுக்கி வைத்து, கெட்டதைத் திட்டி எழுதும். ஆட்கள் போய்ச் சேர்ந்தார்கள், பிரதிகள் கேட்டுக்கொண்டே இருந்தன. குடும்பத்தாருக்கு அதில் ஓர் ஆறுதல். அப்பா இன்னும் திட்டுகிறார் என்றால் அப்பா இருக்கிறார்.

பிறகு மின்செலவைப் பார்த்து மிரண்ட நிர்வாகம் ஒரு விதி போட்டது. 'குறையில்லை' என்று எழுதிவிட்ட பிரதியிடம் இனிக் கேட்டறிய ஒன்றுமில்லை, எனவே அந்தக் கணமே அது அணைந்துவிடும், மீட்க முடியாது. விவரம் புரியாமல் நாங்கள் அந்த வாரமே அருமையான பழைய கச்சேரி ஒன்றை ஒலிபரப்பினோம். ஒரே மாலையில் நேயர்களில் பாதிப் பேர் போனார்கள். மறுநாள் அவர்களுடைய பிள்ளைகள் வாசலில் வந்து அழுததை என்னால் மறக்க முடியவில்லை. அன்றிலிருந்து எதையும் கொஞ்சம் கெடுத்தே போடுகிறோம். பழைய பதிவுகளின் சுருதியைக் குலைக்கச் சுருதிப்பிசகி என்ற கருவியே இருக்கிறது; நேரலைக்கு அது ஆகாது. நல்ல பாட்டு கையில் இருப்பதே ஆபத்து என்று நேரலைக் கச்சேரிகளைப் பதிவு செய்து வைப்பதையும் நிறுத்திவிட்டோம்.

நேரில் வந்து பாடுபவர் கோமளா ஒருவர்தான், வியாழக்கிழமை காலைகளில். அவருடைய அப்பா நாகசுந்தரம் தபால்துறையில் இருந்தவர், மகளின் ஒரு கச்சேரியையும் விடாதவர். இறந்து ஏழு வருடமாகியும் அவருடைய பிரதியிடமிருந்து வாராவாரம் அதே வரி வரும்: 'மேல் ஷட்ஜத்தில் சுருதி மயிரிழை கூடுதல். பதறாதே, கோமு.'

அந்த மயிரிழையை வேண்டுமென்றே கூட்டுவது கோமளாதான். எனக்கு மட்டும் தெரியும்.

போன வியாழன் பாடுவதற்கு முன் என் அறைக்கு வந்தார்.

"எஸ்தரக்கா, நேத்து வீட்ல தனியா உக்காந்து சரியாப் பாடிப் பாத்தேன். வரல."

"வரலன்னா?"

"மேல் ஷட்ஜம் எங்க இருக்குன்னே தெரியல. எப்படித் தொட்டாலும் அந்தத் தப்புதான் வந்து நிக்குது. தொண்டை அதையே நெசம்னு எடுத்துக்கிச்சு."

"சளி கிளி பிடிச்சிருக்கும்."

"சளி இல்லக்கா. இன்னிக்கு அதைப் பிடிக்கலன்னா இனிமே எனக்குக் கிடையாது."

"பிடிச்சுட்டா? அப்பா?"

கோமளா புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு நின்றார். "என் பாட்டைக் கேக்கத்தான் அவரு இருக்காரு. பாட்டே போயிட்டா எதைக் கேட்டுட்டு இருப்பாரு?" என்றார். பிறகு, "உசுரோட யாராச்சும் கேக்கறாங்களா, இந்த நேரத்துல?"

திரையைப் பார்த்தேன். "ஒருத்தர்."

"யாரு?"

"நான்தான்."

சிரித்துவிட்டார். "அப்ப நீங்க நல்லாக் கேளுங்க."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து தம்பூராவை மீட்டினார். கல்யாணி ராகம். நான் நாகசுந்தரத்தின் பெயருக்கு நேரே கண்ணை வைத்துக்கொண்டேன். ஆண்டவரே, இந்த மனுசன் இன்னைக்கும் திட்டிடணும் என்று வேண்டிக்கொண்டேன். எனக்குப் பயமாக இருந்தது. பாட்டு மேலே ஏறியது. வழக்கமாக வரி வரும் இடம் வந்தது, தாண்டியும் போனது. பெயருக்கு நேரே ஒன்றுமில்லை. இன்னும் ஒன்றுமில்லை. பிறகு வந்தது.

'குறையில்லை, கோமு.'

பெயர் அணைந்தது. அதற்குக் கீழே இருந்த பெயரும் அணைந்தது. கொசு என்று திட்டியவர், மங்களத்துக்காகச் சண்டை போட்டவர், ஒவ்வொருவராக. நாங்கள் இரண்டு பேரும் அவருடைய அப்பாவை மட்டுமே நினைத்திருந்தோம். மற்றவர்களுக்கும் காது உண்டு என்பது எங்கள் புத்திக்கு எட்டவே இல்லை. கச்சேரி முடியும்போது என் பெயரைத் தவிரத் திரை வெறுமையாக இருந்தது.

கோமளா வெளியே வந்து திரையைப் பார்த்தார். அப்பாவைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பாடறப்ப பயத்துல எனக்கு எதுவுமே காதுல விழலக்கா. எப்படி இருந்துச்சு, அந்த ஷட்ஜம்?"

பாட்டு முழுக்க நான் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் அதைக் கேட்கவே இல்லை. கேட்டவர்கள் எல்லாரும் போய்விட்டார்கள்.