முன்னால் போகும் கார்

"எதையாவது மறந்து வச்சிட்டுப் போயிட்டீங்களா சார்?" என்று விடுதியின் வரவேற்பில் இருந்த பெண் கேட்டபோது அவன் கையிலிருந்த பெட்டியை இன்னும் கீழேகூட வைக்கவில்லை.

பயணத்தின் ஒன்பதாம் நாள், மதியம் மூன்று மணி. வீட்டுக் காரிலேயே எல்லை தாண்டி மூன்று நாடுகளைச் சுற்றிவிட்டு, வட்டமடித்துத் திரும்பவும் சொந்த நாட்டுக்குள் நுழைவது என்று கிளம்பியவர்களுக்கு இது மூன்றாவது நாடு. இங்கே அவன் முகத்தை யாருக்கும் தெரியாது.

"இப்பத்தாங்க வர்றோம்," என்றான்.

அவன் விளையாட்டுக்குச் சொல்கிறான் என்று நினைத்து அவள் சிரித்தாள். "காலையிலதானே கிளம்பிப் போனீங்க? பாப்பாகூட எனக்குப் படம் வரைஞ்சு குடுத்துச்சே." தொலைபேசிக்கு அடியிலிருந்து ஒரு தாளை உருவி நீட்டினாள். ஆலிவ் பச்சையில் ஒரு கார், கூரைமேல் நீலத் தார்ப்பாய் போட்ட மூட்டை, உள்ளே நான்கு முகங்கள். ஸ்டியரிங்குக்குப் பின்னால் அம்மா. பக்கத்தில் அப்பா, காது வரைக்கும் வாய்.

சின்னவள் எட்டிப் பார்த்தாள். அவளுக்கு ஆறு வயது. "நான் வரையலையே," என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆனா நான் வரையற மாதிரியேதான் இருக்கு," என்றாள்.

ஆலிவ் பச்சைக் கார் உலகத்தில் நம்முடையது ஒன்றுதானா, தார்ப்பாய் நீலத்தில் இல்லாமல் வேறு எந்த நிறத்தில் வருகிறது என்று சொல்லி அவன் அந்தப் பேச்சை முடித்துவிட்டான். யாரோ ஒரு குடும்பம் முந்தைய இரவு தங்கியிருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் மாடிப்படி ஏறும்போதும், அறையில் கால் நீட்டிப் படுத்தபோதும், அந்தக் காது வரையிலான வாய் கண்ணைவிட்டுப் போகவில்லை. அப்படிச் சிரிக்கிற அளவுக்கு அந்த ஆளுக்கு என்ன கிடைத்துவிட்டது என்று இருந்தது.

மருந்துக் கம்பெனியில் தரக்கட்டுப்பாடு அவன் வேலை. ஒரு மாத்திரையில் ஊசிமுனை அளவு கறுப்புப் புள்ளி இருந்தால், கூடச் செய்த அத்தனை மாத்திரைகளையும் தள்ளிவிடுகிற கண். அந்தக் கண்ணை அலுவலகத்திலேயே கழற்றி வைத்துவிட்டு வர அவனுக்குத் தெரியாது. காருக்குள் எதுவும் தின்னக் கூடாது. செருப்பைத் தட்டிவிட்டுத்தான் ஏற வேண்டும். ஜன்னலை இறக்கினால் தூசி வரும், பாட்டுப் போட்டால் எஞ்சின் சத்தம் காதில் விழாது. மனைவி பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியை, இருபது பிள்ளைகளோடு பள்ளி வேனை மலைமேல் ஏற்றி இறக்கியவள். இந்தக் காரின் ஸ்டியரிங்கை மட்டும் ஒன்பது வருடங்களாக அவள் தொட்டதில்லை.

"நீ ஓட்டினா என்னால தூங்க முடியாது," என்பான்.

"நீங்க ஓட்டும்போது நீங்க தூங்கக் கூடாதுங்க, அதான் வித்தியாசம்," என்று முதலில் எல்லாம் சிரித்துக்கொண்டே சொல்வாள். இப்போது சொல்வதில்லை.

மறுநாள் காலை மலைச்சாலையில் அந்தக் காரைப் பார்த்தான்.

ராத்திரி மழையில் நனைந்த மரங்கள் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தன. சாலை ஈரமாக, கரிய நாடாவாக, மேலே மேலே சுற்றிக்கொண்டு போனது. ஒவ்வொரு வளைவிலும் பனி விலகுவதும் மூடுவதுமாக இருந்த அந்த நேரத்தில், ஒரு வளைவுக்கு முன்னால், ஆலிவ் பச்சை பின்பக்கமும் நீலத் தார்ப்பாயும் தெரிந்து மறைந்தன. நான்கு ஜன்னல்களும் இறக்கிவிடப்பட்டிருந்தன. பின் ஜன்னலில் ஒரு சின்னக் கை காற்றை அளைந்துகொண்டிருந்தது. பாட்டுச் சத்தம் கேட்டது. வானொலிப் பாட்டு இல்லை, நான்கு பேர் நான்கு சுருதியில் கத்திப் பாடுகிற பாட்டு. இவன் காரின் ஜன்னல்கள் எல்லாம் மூடியிருந்தும் அது உள்ளே வந்தது. கூடவே ஏசி வழியாக, பிய்த்துப் போட்ட ஆரஞ்சுத் தோலின் வாசனையும் வந்தது.

"யாரு ஆரஞ்சு தின்றது?" என்று கேட்டான்.

யாரும் தின்னவில்லை. பெரியவள் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள். பன்னிரண்டு வயதில் அதற்குள் அவளுக்கு அது பழகியிருந்தது.

"எவ்வளவு ஜாலியா போறாங்க பாருங்க," என்றாள் மனைவி. அவள் முகம் கண்ணாடிக்குப் பக்கத்தில் போய்விட்டிருந்தது. அந்தக் குரலில் இருந்த ஆசை அவனைச் சுருக்கென்று குத்தியது.

"மலைப்பாதையில கூத்தடிச்சுட்டுப் போறான். உருப்பட்ட மாதிரிதான்."

"கண்ணு வைக்காதீங்க. நல்லா இருக்கட்டும்."

அவன் ஆக்சிலரேட்டரை மிதித்தான். அடுத்த வளைவில் பிடித்துவிடலாம் என்று இருந்தது. அடுத்த வளைவில் வெறும் சாலை. அதற்கடுத்த வளைவில் மறுபடியும் நீலத் தார்ப்பாய், மறுபடியும் அந்தக் கை. வயிறு எரிந்தது. முன்பின் தெரியாத ஒருவன் மேல், அவன் முதுகைக்கூடப் பார்க்காமல், இப்படி வயிறு எரிவது தனக்கே கேவலமாக இருந்தது என்றாலும் எரிந்தது.

மலை உச்சியில், பள்ளத்தாக்கைப் பார்த்தபடி ஒரு டீக்கடை இருந்தது. வெளியே பெஞ்சில் நான்கு காலித் தம்ளர்கள். அவன் ஒன்றைத் தொட்டுப் பார்த்தான். இன்னும் சூடு இருந்தது.

"அதுக்குள்ள திரும்பி வந்துட்டீங்களே! டீ அவ்வளவு நல்லாவா இருந்துச்சு?" என்று கடைக்காரர் உள்ளிருந்து சிரித்துக்கொண்டே வந்தார். அருகில் வந்து அவன் முகத்தைப் பார்த்தார். அவருடைய சிரிப்பு நடுவிலேயே நின்றுவிட்டது. "மன்னிச்சுக்குங்க," என்று பார்வையைத் தரைக்கு இறக்கினார். "அவர் வேற." டீயைக் கொண்டுவந்து வைக்கும்போதும், காசு வாங்கும்போதும் அவர் தலை நிமிரவேயில்லை.

அவர் வேற. அந்த இரண்டு சொற்களை அவன் மலை இறங்கும் வரைக்கும் மென்றுகொண்டே வந்தான். முந்தைய நாள் ஒரு முழு இரவு முன்னால் போனவர்கள் இன்று டீ ஆறுகிற நேரமே முன்னால் போகிறார்கள். நெருங்கிக்கொண்டிருக்கிறார்கள், அல்லது இவன் நெருங்கிக்கொண்டிருக்கிறான். இதற்காகச் சந்தோஷப்படுவதா பயப்படுவதா என்று தெரியவில்லை.

அடிவாரத்தில் பெட்ரோல் போட நிறுத்தியபோது சாலைக்கு அந்தப் பக்கம் அவர்கள் நின்றிருந்தார்கள்.

முதுகுகள் மட்டும்தான் தெரிந்தன. அந்த ஆள் தோளில் ஒரு குழந்தையைத் தூக்கிப் போட்டிருந்தான். அது தூங்கிக்கொண்டிருந்தது. காலில் மஞ்சள் ஷூ. இவன் சட்டென்று திரும்பிப் பின்சீட்டைப் பார்த்தான். சின்னவள் முதுகை நிமிர்த்தி, கைகளை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள், முழித்துக்கொண்டு. காலில் மஞ்சள் ஷூ. திரும்பவும் அந்தப் பக்கம் பார்த்தான். அங்கே நின்ற பெண் கையை நீட்டி அந்த ஆளின் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். சரிசெய்த கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் கழுத்திலேயே வைத்திருந்தாள். அந்தக் கையின் வளைவு அவனுக்குத் தெரியும். மணிக்கட்டைத் திருப்பும் அந்த விதம் தெரியும். கடைசியாக அது தன் கழுத்தில் இருந்தது எப்போது என்று யோசித்தான். ஞாபகம் வரவில்லை.

ஒரு லாரி நடுவில் போனது. போன பிறகு அங்கே யாரும் இல்லை.

பெட்ரோல் போட்டவனிடம், "அந்தப் பக்கம் நின்ன கார் எந்த வழியா போச்சு?" என்று கேட்டான். அவன் ஒரு தடவை இவன் முகத்தைப் பார்த்துவிட்டு, கையிலிருந்த துணியைப் பார்த்தபடியே, "எல்லைக்குத்தான்" என்று முணுமுணுத்தான்.

அன்று சாயங்காலம் தங்கிய அறையில் மனைவி தலை துவட்டிக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் கீழே தோட்டத்தில் இருந்தார்கள்.

"அவனை உனக்குத் தெரியுமா?" என்று கேட்டான்.

"யாரை?"

"நடிக்காதே. ஒவ்வொரு ஊருக்கு முன்னாடியும் கண்ணாடியைப் பார்த்துத் தலையைச் சரிபண்ணிக்கிறே. பெட்ரோல் பங்க்ல அவங்களையே பார்த்துட்டு இருந்தே. நான் கவனிக்கலைன்னு நினைச்சியா?"

அவள் துவட்டுவதை நிறுத்தினாள். கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தான். கோபப்பட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

"பார்த்தேன்," என்றாள். "ஆசையா இருந்துச்சு, பார்த்தேன். பத்து நாளா கார்ல போறோம், சின்னவ ஒரு தடவைகூட சத்தமாச் சிரிக்கலை. கவனிக்கிறவர்தானே நீங்க, அதைக் கவனிச்சீங்களா? ஒரே ஒரு நாள் அந்த மனுஷன் மாதிரி இருங்களேன். நாங்க வேற ஒண்ணும் கேக்கலையே."

"அப்படின்னா அவன் கார்லயே ஏறிப் போயிடு. பிள்ளைங்களையும் கூட்டிட்டுப் போ."

சொன்ன பிறகு அறையில் குழாய் சொட்டும் சத்தம் கேட்டது. துண்டை இரண்டாக, நான்காக மடித்து நாற்காலியில் வைத்தாள். பிறகு அவன் முகத்தை உற்றுப் பார்த்தாள், புதிதாக எதையோ பார்ப்பது போல. ஓரடி பின்னால் நகர்ந்தாள். அவன் குளியலறைக்குப் போய்க் கண்ணாடியில் தேடினான். ஒரு புள்ளிகூடப் புதிதாக இல்லை. அவனுக்குத் தெரிந்த அதே முகம்தான். அது அவனுக்கு ஆறுதலாக இல்லை. மன்னிப்புக் கேட்கலாம் என்று தோன்றியது. அவள் முகத்தில் அந்தக் காலர் தொட்ட பெண் தெரிந்ததால் கேட்கவில்லை.

மறுநாள் முழுக்கச் சமவெளி. நேர்ச்சாலை, இரண்டு பக்கமும் அறுத்து முடித்த வயல். மறைந்துகொள்ள வளைவு கிடையாது. முன்னால் அந்தக் கார் போய்க்கொண்டே இருந்தது. வெயில் சாயச் சாய இடைவெளி குறைந்தது. முந்நூறு அடி. இருநூறு. நம்பர் தெரிந்தது.

இவன் நம்பர்.

அதே எண், அதே எழுத்து, இடது மூலையில் கழன்ற அதே திருகு. மனைவியைப் பார்த்தான். அவளும் படித்துக்கொண்டிருந்தாள், உதடுகள் அசைய. ஆச்சரியப்படவில்லை. பாட்டு மட்டும் கேட்டது. அப்பா குரல் ஒன்று, உச்சத்தில் பிசிறடித்துச் சிரிப்பாக உடைந்தது. அவனுக்கும் பாடினால் அங்கேதான் பிசிறடிக்கும். பாடிப் பல வருடங்கள் ஆயிற்று.

எல்லைக்கு வந்தபோது வானம் இருட்டத் தொடங்கியிருந்தது. அந்தப் பக்கம் சொந்த நாடு, அங்கிருந்து வீடு ஒன்றரை நாள் தூரம். கடந்துவிட்டால் போதும். கடந்துவிட்டால் ஸ்டியரிங்கை அவளிடம் கொடுத்துவிடலாம், ஜன்னலை இறக்கலாம், ஆரஞ்சு வாங்கித் தரலாம். உண்மையாகவே அப்படி நினைத்தான்.

எல்லைகளில் ஒரு முறை உண்டு. ஓட்டுபவர் மட்டும் காரோடு வண்டி வரிசையில் போக வேண்டும். மற்றவர்கள் இறங்கி, பக்கத்திலுள்ள நீளமான கட்டடத்துக்குள் நடந்து, பாஸ்போர்ட்டில் முத்திரை வாங்கி, அந்தப் பக்க வாசலில் வெளியே வந்து காரில் ஏறிக்கொள்ள வேண்டும். முன்பு கடந்த எல்லைகளிலும் இப்படித்தான்.

மனைவி இறங்கினாள். கைப்பையை எடுத்தாள். பிள்ளைகளின் பைகளையும் ஸ்வெட்டர்களையும் எடுத்தாள்.

"அதெல்லாம் எதுக்கு?"

"குளிருது."

"அந்தப் பக்க வாசல்லயே நில்லுங்க. நான் வந்துடறேன்."

"சரிங்க," என்றாள். பெரியவள் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். கண்ணாடிக் கதவு மூடியது.

காருக்கும் ஒரு பாஸ்போர்ட் மாதிரி அனுமதிப் புத்தகம் இருக்கிறது. நாட்டுக்குள் வரும்போது அதில் ஒரு சீட்டைக் கிழித்துக்கொள்வார்கள், வெளியே போகும்போது அதன் ஜோடியை. அதிகாரி கூண்டுக்குள்ளிருந்து கையை நீட்டிப் புத்தகத்தை வாங்கினார். புரட்டினார். நிறுத்தினார்.

"இந்த வண்டி வெளியே போயாச்சே."

"இதோ நிக்குதே சார்."

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்க்காமல் புத்தகத்தைத் திருப்பிக் காட்டினார். வெளியேறும் சீட்டு இல்லை. கிழித்த அடிக்கட்டை மட்டும் இருந்தது. அதில் இவன் கையெழுத்து. கட்டைவிரலால் தொட்டான். மை ஈரம்.

"எப்போ?"

"இப்பத்தான்."

"குடும்பத்தோடயா?"

"இல்லை. அவர் மட்டும்தான்." அதிகாரி முத்திரையை மூடி வைத்தார். "மத்தவங்க நடந்து வர்றாங்கன்னு சொன்னார்."

நிமிர்ந்தான்.

குறுக்குக் கம்பத்துக்கு அப்பால், முப்பதடி தூரத்தில், விளக்கு வெளிச்சத்தில், ஆலிவ் பச்சைக் கார். நான்கு கதவுகளும் திறந்து. பக்கத்தில் அந்த ஆள், முதுகைக் காட்டியபடி, காத்திருந்தான். அவசரமே இல்லாமல்.

கட்டடத்தின் அந்தப் பக்கக் கதவு திறந்தது. பெரியவள் வந்தாள். ஒரு நொடி நின்றாள். பிறகு ஓடினாள். அவன் அவளைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினான். மனைவியும் சின்னவளும் பின்னால் வந்தார்கள்.

இவன் கதவைத் தள்ளினான். திறக்கவில்லை. கண்ணாடியை இறக்கினான். இறங்கவில்லை. கத்தினான். குரல் காருக்குள்ளேயே நின்றது. ஹாரனை அழுத்தினான்.

எல்லோரும் திரும்பினார்கள். அந்த ஆளும்.

இவன் முகம்தான். ஆனால் ஒரு கறையும் இல்லாத முகம். அந்த நேரத்திலும் பயத்துக்கு முன்னால் பொறாமைதான் வந்தது. என்னுடையது. அது என்னுடைய முகம். நான் வைத்துக்கொண்டிருந்திருக்க வேண்டியது.

மனைவி இந்தக் காரைப் பார்த்தாள். அந்தக் காரைப் பார்த்தாள். யார் யாரென்று அவளுக்குத் தெரிந்தது. நன்றாகத் தெரிந்தது. அந்த ஆள் நீட்டிய சாவியை வாங்கிக்கொண்டாள்.

சின்னவள் மட்டும் நின்றுவிட்டாள். முன்கண்ணாடி வழியாக இவனையே பார்த்தாள். அவள் முகம் மெல்லக் கோணியது. மனைவி சட்டென்று குனிந்து, சாலையில் அடிபட்டுக் கிடக்கும் எதையோ தாண்டும்போது செய்வது போல, உள்ளங்கையால் அவள் கண்களைப் பொத்தினாள்.

"பாக்காதே செல்லம்," என்று அவள் உதடுகள் சொல்வது தெரிந்தது. அந்தக் கையை எடுக்காமலே குழந்தையைக் காருக்குள் ஏற்றினாள்.