பதினேழாம் நம்பர் ஜாடி

ட்ரிங்... ட்ரிங்...!

பாதி ஷேவிங்கில் போனை எடுத்தார் இன்ஸ்பெக்டர்.

"சார்! மூளை ஆராய்ச்சிக் கூடத்து வாட்ச்மேன் பேசறேன். இப்பத்தான் மொட்டை மாடியிலேர்ந்து ஒருத்தர் விழுந்துட்டார். உயிர் இல்ல சார்...!"

மீதி தாடியோடு ஜீப்பில் ஏறினார்.

சைக்கிள் ஸ்டாண்டின் தகரக் கூரையை உடைத்துக்கொண்டு கிடந்தான் ஜூனியர். புரொபசரிடம் வேலை பார்த்த ஆராய்ச்சியாளன். வயது இருபத்தொன்பது. சட்டையில் பிராந்தி நாற்றம் குப்பென்று அடித்தது.

பக்கத்தில் புரொபசர். அவருக்கு வயது ஐம்பத்தெட்டு. தலைமுடிக்கு முப்பது. எல்லாம் சாயம்!

"தற்கொலைதான் இன்ஸ்பெக்டர். குடிகாரப் பய!"

"அவ்வளவு சீக்கிரம் எப்படி சார் சொல்றீங்க?"

"செரடோனின்! மூளையில ஊறுற ஒரு ரசாயனம். அது வத்திப் போனா மனுஷன் முதல்ல சோர்ந்து போவான். அப்புறம் குடிப்பான். கடைசியில குதிப்பான். உங்க மண்டைக்கு இதெல்லாம் ஏறாது. இவன் மூளையில கொஞ்சம் எடுத்துக் குடுக்கச் சொல்லுங்க. நானே அளந்து எழுதித் தரேன். பொட்டலம் கட்டி ஃபைலை மூடிடலாம்."

செத்தவன் மேல் ஒரு 'த்ச்சு' கூடக் கொட்டாத நல்ல மனசு!

இன்ஸ்பெக்டர் மாடிக்கு ஏறினார். மொட்டை மாடிக் கதவு படிக்கட்டுப் பக்கம் பூட்டியிருந்தது. குதித்தவன் இந்தப் பக்கம் வந்து எப்படிப் பூட்டினான்...?

ஒன்பதரைக்கு லேப் டெக்னீஷியன் வந்தாள், வீங்கிய கன்னத்தோடு. மூளை ஜாடிகளை உறைய வைக்கும் ஃப்ரீசருக்கு அவள்தான் பொறுப்பு. அதனால் எல்லோருக்கும் அவள் ஐஸ்பெட்டி.

"மாடிச் சாவி யார்கிட்டம்மா இருக்கு?"

"ரெண்டே சாவி சார். ஒண்ணு புரொபசர்கிட்ட. இன்னொண்ணு என்கிட்ட."

ஆக, இரண்டில் ஒருத்தர்!

மார்ச்சுவரி வாசலில் ஜூனியரின் அக்கா வெடித்தாள்.

"தற்கொலைன்னு எழுதின காகிதத்துல நான் கையெழுத்துப் போட மாட்டேன்! என் தம்பி குடியை விட்டு மூணு வருஷமாச்சு. நேத்துக்கூட போன்ல, 'அக்கா, இங்க பெரிய புளுகு ஒண்ணு நடக்குது, நாளைக்கு மீட்டிங்ல போட்டு உடைக்கப் போறேன்'னான். சாகப் போறவனா சார் இப்படிப் பேசுவான்? அவனைத் தள்ளினது யார்னு சொல்லுங்க. அதுவரைக்கும் உடம்பை வாங்க மாட்டேன்!"

"ரெண்டு நாள் குடுங்கம்மா."

புதன்கிழமை. புரொபசரின் ஏ.சி. அறை. சுவர் முழுக்கப் பரிசுக் கேடயங்கள். நடுவில் அவர். எதிரே அக்கா, ஐஸ்பெட்டி, இன்ஸ்பெக்டர்.

புரொபசர் ரிப்போர்ட்டைத் தூக்கி மேஜையில் எறிந்தார்.

"ஜாடி நம்பர் பதினேழு. இருபது வருஷத்துல இவ்வளவு குறைஞ்ச செரடோனினை நான் பார்த்ததே இல்ல. கடுமையான மனச்சோர்வு. பல வருஷக் குடி. முடிவு, தற்கொலை. கையெழுத்துப் போட்டிருக்கேன். போதுமா?"

அக்கா மேஜையைத் தட்டினாள்.

"பொய்...!"

"மூளை பொய் சொல்லாதும்மா."

"மூளை சொல்லாது சார். நீங்க?" என்றார் இன்ஸ்பெக்டர். "ஐஸ்பெட்டியம்மா, உங்க லேப் வழக்கத்தைச் சொல்லுங்க."

"ஜாடி மேல நம்பர் மட்டும்தான் எழுதுவேன் சார். எது யாரோடதுங்கறது ஒட்டின கவருக்குள்ள இருக்கும். ஆளு தெரிஞ்சா அளக்கறவர் கை சாயும்ல? ரிப்போர்ட் வந்தப்புறம்தான் கவரைப் பிரிக்கணும்."

"புரொபசர் கேட்டாரா?"

"அன்னிக்கே போன் பண்ணி, 'அவனோடது எந்த நம்பர்டி?'ன்னார். கேட்கவே கூடாத கேள்வி. எரிச்சல் வந்துச்சு. பதினேழுன்னு சொன்னேன்."

இன்ஸ்பெக்டர் கவரைப் பிரித்தார்.

"பதினெட்டு, ஜூனியர். பதினேழு..."

"ஆடு சார்," என்றாள் ஐஸ்பெட்டி.

"என்னது...?!" புரொபசர் எழுந்தே விட்டார்.

"ஒவ்வொரு தடவையும் ஒரு ஆட்டு மூளையும் சேர்ந்து போகும், அளக்கறவரைச் சோதிக்க. நீங்க போட்ட விதிதான் சார், மறந்துட்டீங்களா? இதோ ஜாடி. நான் ஒட்டின டேப், மேல என் கையெழுத்து. பிரிக்கவே இல்லியே!"

"திறக்காமலே அளந்துட்டாரு!" என்றார் இன்ஸ்பெக்டர். "நேத்து ஃப்ரீசர்ல பார்த்தேன். ஆறு வருஷத்து ஜாடி ஒண்ணுலகூட டேப் கிழியல. நம்பரெல்லாம் கற்பனை! ஜூனியர் கண்டுபிடிச்ச புளுகு அதுதான்."

"அதனால நான்தான் கொன்னேன்னு ஆகிடுமா? இவகிட்டயும்தான் சாவி இருக்கு!"

"அவன் விழுந்த நேரத்துல இந்தம்மா பல் டாக்டர் நாற்காலியில வாயைப் பொளந்துட்டு இருந்தாங்க. சாவி அவங்க கைப்பையில. டாக்டர்கிட்டயே விசாரிச்சாச்சு. பூட்டினது உங்க சாவி. அப்புறம் பிராந்தி... ரத்தத்துல ஒரு சொட்டு இல்ல, சட்டையில மட்டும்தான். பதினெட்டை வெளி லேப்ல அளந்தாங்க. செரடோனின் அளவு சரியாத்தான் இருக்கு."

"குறைஞ்சிருந்தாலும் குதிச்சான்னு அர்த்தம் இல்ல சார்," என்றாள் ஐஸ்பெட்டி. "அது குறைஞ்ச எத்தனையோ பேர் மாத்திரை சாப்பிட்டுக்கிட்டு ஒழுங்கா வேலைக்குப் போயிட்டு வர்றாங்க."

புரொபசரின் சாயம் நெற்றியில் கறுப்பாக வழிந்தது.

"அந்தப் பொடிப்பய... என் இருபது வருஷப் பேரை அஞ்சு நிமிஷத்துல குப்பையில போடப் பார்த்தான்! கெஞ்சினேன்... கேட்கல... தள்ளிட்டேன்..."

விலங்கு மாட்டும் சத்தம். 'க்ளிக்!'

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கையை நீட்டினாள்.

"கொலைன்னு எழுதிக் குடுங்க சார். இப்பக் கையெழுத்துப் போடறேன். என் தம்பியை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகணும்."

இன்ஸ்பெக்டர் பேனாவை அவளிடம் கொடுத்தார். மேஜையில் கிடந்த ரிப்போர்ட்டைப் பத்திரமாக மடித்துப் பையில் வைத்தார்.

"அது எதுக்கு சார் இனிமே?" என்றாள் ஐஸ்பெட்டி.

"கசாப்புக் கடைக்காரர்கிட்டக் காட்டணும்மா. பாவம், தான்தான் வெட்டினோம்னு நினைச்சுட்டிருப்பாரு. ஆடு தற்கொலைதான் பண்ணிக்கிச்சுன்னு புரொபசரே கையெழுத்துப் போட்டிருக்காரே...!"