பன்னிரண்டு மணிக் கட்டம்

மூன்று மாதமாகப் பூட்டிக் கிடக்கும் சாய ஆலையின் கழிவுநீர்க் கால்வாயில் பதினெட்டு லிட்டர் தண்ணீர் ஓடியதாகத் திரை காட்டியது. நேரம், பகல் பன்னிரண்டு பத்து.

மீட்டர் கெட்டுப்போயிருக்கும் என்றாள் பக்கத்து மேஜைக்காரி. பத்து நாளாக இதே நேரத்துக்கு இதே எண் வருவதை அவள் கவனிக்கவில்லை. அவன் கவனித்திருந்தான். ஒரு நாளும் பதினேழு இல்லை, பத்தொன்பது இல்லை. கெட்டுப்போன மீட்டர் வாய்க்கு வந்ததை உளறும், இப்படி நிறுத்துப் பார்த்தாற்போல் ஒரே எண்ணைச் சொல்லாது.

ஆலைகள் எவ்வளவு நீர் எடுக்கலாம், எந்த நேரத்தில் எவ்வளவு வெளியேற்றலாம் என்று அனுமதிப் பத்திரத்தில் இருப்பதைச் சரிபார்ப்பதுதான் அவன் உத்தியோகம். அந்தச் சாய ஆலை பன்னிரண்டிலிருந்து இரண்டு மணி வரை மதகைத் திறக்கவே கூடாது. அந்த நேரத்தில் கால்வாய் ஓரம் நின்று மீட்டரைப் பார்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். வெயில் மண்டையைப் பிளக்கும். ஆலை மேலாளரின் அறையிலோ மின்விசிறி உண்டு, தேநீர் உண்டு, ஊர்வம்பு உண்டு. எனவே காலையிலேயே பன்னிரண்டு மணிக் கட்டத்தில் ஒரு சுழியைப் போட்டுவிட்டுத்தான் உட்காருவான். இரண்டு முறை மீட்டர் ஓடியிருந்ததைப் பார்த்ததுண்டு. தொட்டி கழுவினோம், கொஞ்சம்தான் என்று மேலாளர் தலையைச் சொறிந்தார். அந்தக் கொஞ்சத்தை எழுதினால் நான்கு பக்கம் விளக்கம் எழுத வேண்டும். பதினோரு மாதம் சுழியாகவே போட்டான். போட்டுப் போட்டு அவனே அதை நம்பிவிட்டான்.

மூன்று மாதத்துக்கு முன் ஒரு நாள், பள்ளி விடுமுறை. மனைவிக்கு வேலை நாள். வீட்டில் 'வாலு' என்றே அழைக்கப்பட்ட மகளைக் கூடவே அழைத்துப் போனான். காய்ந்த கால்வாயில் வழவழவென்று கூழாங்கற்கள் கிடந்தன. இறங்கப் போனவள் நின்று கேட்டாள்.

"அப்பா, தண்ணி வருமா?"

"வராதுடா. அப்பா எழுதி வச்சிருக்கேன்ல."

பிறகு அவன் தேநீர் குடிக்கப் போனான். பன்னிரண்டு பத்துக்கு ஆலை மதகு திறந்தது.

விசாரணையில் மேலாளரைப் பிடித்துப் போனார்கள், ஆலையைப் பூட்டினார்கள். ஆலை மதகின் பூட்டுக்கு அரக்கு முத்திரை வைத்தவன் அவன்தான். தானாகவே அலுவலகத்துக்கு எண் அனுப்பும் புது மீட்டரும் பொருத்தினார்கள். அவனுடைய சுழிகளை யாரும் சந்தேகப்படவில்லை. பதினோரு மாதம் ஒழுங்காக இருந்த ஆலை அன்றைக்கு மட்டும் திறந்துவிட்டால் பாவம் அப்பன் என்ன செய்வான் என்று அந்தப் பதிவேட்டையே சாட்சியாக வைத்தார்கள். மனைவியும் அதையே சொல்லிச் சொல்லி அவன் முதுகைத் தடவிக்கொடுத்தாள். அந்தக் கை முதுகில் படும்போதெல்லாம் அவனுக்குச் செத்துவிடலாம் போலிருந்தது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

பத்தாவது முறையாகத் திரையில் பதினெட்டு வந்த அன்று மாலை அவன் வீட்டுக்கு வந்தபோது மனைவி மகளின் புத்தகப் பையைப் பிரித்து வைத்திருந்தாள். கையில் பள்ளி மருத்துவ அட்டை.

"பதினெட்டு கிலோ. ஞாபகம் இருக்காங்க? மிஷின்ல தனியா ஏறவே மாட்டேன்னு ஒரே அழுகை. நீங்கதான தூக்கிட்டு ஏறினீங்க. ரெண்டு பேரும் சேர்ந்து எண்பத்தெட்டு. உங்க எழுபதைக் கழிச்சுட்டுப் போட்டாங்க."

அவள் சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே அழுகையாகிவிட்டது. அவன் அட்டையை வாங்கிப் பார்த்தான். திரையில் வந்த அதே எண்.

மறுநாள் காலை செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் வெகுநேரம் நின்றான். எல்லாவற்றையும் சொல்லிவிடத்தான் நின்றான். "மீட்டர் பார்த்துட்டு வரேன்," என்பது மட்டும்தான் வாயில் வந்தது.

ஆலையைச் சுற்றிலும் ஆள் அரவமில்லை. மூன்று மாதமாகியும் சாயத்தின் புளித்த வாடை சுவர்களை விட்டுப் போகவில்லை, தகரக் கூரை வெயிலில் விரிந்து அவ்வப்போது டப்பென்று ஒலிக்க, ஒவ்வொரு ஒலிக்கும் அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மதகின் பூட்டில் அவன் வைத்த அரக்கு கீறல் இல்லாமல் இருந்தது. கால்வாய் கருவாடாகக் காய்ந்து கிடந்தது. கரையில் நின்ற மீட்டரில் சுழி. இத்தனை மாதத்தில் அந்த நேரத்தில், அந்த இடத்தில் அவன் நிற்பது இதுதான் முதல் தடவை.

பன்னிரண்டு ஐந்து. மதகுக்குப் பின்னால், வெகு ஆழத்தில், பக்கத்து வீட்டில் யாரோ வாளி நிரப்புவதுபோல ஒரு சத்தம்.

பன்னிரண்டு ஏழு. கால்வாயின் கீழ்க்கோடியில் ஒரு கல்லில் ஈரம் தெரிந்தது. அடுத்த கல்லிலும். சின்னக் குதிகால், ஐந்து சின்ன விரல்கள். வெயில் பட்ட மாத்திரத்தில் ஒன்று காயும், அதற்குள் முன்னால் இன்னொன்று பதியும். அவனை நோக்கித்தான் வந்தன. ஓட நினைத்தான். ஆனாலும் நின்றான்.

அவன் காலடியில், கரைக்கு நேர் கீழே, தடங்கள் நின்றன.

"அப்பா, தண்ணி வருமா?"

அங்கே யாரும் இல்லை. குரல் மட்டும். அதே குரல், தொண்டையில் நீர் தேங்கியதுபோல.

"வரும்டா." முதல் முறையாகச் சொன்னான். "அப்பாவுக்கு அப்பவே தெரியும். தெரிஞ்சேதான் பொய் எழுதினேன். மேல வந்துடு."

குனிந்து கையை நீட்டினான். ஐந்து விரல்கள் அவன் ஆள்காட்டி விரலைப் பற்றின. ஐஸ் போல் சில்லிட்டிருந்தன. பிடித்தன. ஏறவில்லை. மிஷின் முன்னால் நின்ற அதே பிடிவாதம்.

அவனுக்குப் புரிந்தது.

"தனியா வரமாட்டே. சரி. அப்பா தூக்கிக்கறேன்."

இறங்கினான். இடுப்பில் பாரம் ஏறியது. தெரிந்த பாரம். கழுத்தைச் சுற்றி ஈரக் கை. சட்டை நனைந்தது. காதோரம் மூச்சே இல்லை.

மதகு மூடியிருந்தது. அரக்கு அப்படியே இருந்தது. அதன் பின்னால் இரைச்சல்.

அண்ணாந்து மீட்டரைப் பார்த்தான். பன்னிரண்டு பத்து. பதினெட்டு.

நிற்கவில்லை.

முப்பது. ஐம்பது. எழுபது.

கழுத்தில் இருந்த கைகள் இறுகின.

எண்பத்தெட்டில் வந்து நின்றது.