பொய்ப் பசி

ஆலைநகரில் பகல் உணவு ஒழிந்து பத்தாண்டுகள் ஆகியிருந்தன. விடியலில் விழுங்கும் புரத வில்லை, பசிச்சுரப்பு ஏறும் வேளையை மாலை ஆறு மணிக்குத் தள்ளிவிடும். அதுவரை குடலின் நிறைவுச்சுரப்பு இறங்காது. மணிக்கட்டில் கட்டிய பசிமானி பூச்சியம் காட்டும். ஆறடித்ததும் ஊரே ஒன்றாகச் சாப்பிடும்.

கொம்பையா மட்டும் சாப்பிடவில்லை. வில்லை அலுவலக வாசலில் நாற்காலி போட்டு உண்ணாவிரதம் இருந்தார். அவர் தலைக்கு மேல் ஒளிப்பலகை: ‘பொய்ப் பசி பரப்பியவர்: உலகம்மாள்.’ அவருடைய தங்கை. பள்ளியில் வில்லை கொடுக்கும் வேலை அவளுக்கு. ஒரு மாதம் பிள்ளைகள் பதினொரு மணிக்கே பசிக்கிறது என்று அழுதார்கள். பசிமானிகள் பூச்சியம் காட்டின. அவள் பிள்ளைகளை நம்பினாள். கடலை அவித்துக் கொடுத்தாள். வேலை போயிற்று. அது போகட்டும். நாலு தலைமுறையாகப் பொய் ஏறாத வீட்டுப் பெயர் தெருவில் தொங்குவதைத்தான் கொம்பையாவால் பொறுக்க முடியவில்லை.

அதிகாரி தேவசகாயம் வெளியே வந்து, இந்த விரதம் செல்லாது என்றார். விரதமென்றால் பசி வேண்டும். பசிமானியில் பசியே இல்லை.

“அப்போ நீரும் வில்லய விட்டுட்டு எம்பக்கத்துல உக்காரும். பொய் யாருதுன்னு தெரிஞ்சிரும்.”

ஊர் பார்த்துக்கொண்டிருந்தது. கருவியை முழுதும் நம்பிய தேவசகாயம் உட்கார்ந்தார். கொம்பையா தண்ணீரோடு இருந்தார். தேவசகாயமோ மாலையில் வீட்டுக்குப் போய் வயிறாரச் சாப்பிட்டார். அவர் விட்டது வில்லையை மட்டும்.

முதல் பகல் பழைய தாளத்திலேயே கழிந்தது. இரண்டாம் நாள் தேவசகாயம் பேச்சைக் குறைத்தார். மூன்றாம் நாள் பதினொரு மணிக்கு அவர் வயிறு போட்ட சத்தம் சாலைவரை கேட்டது. இருவர் பசிமானியிலும் பூச்சியம்.

“தின்ன ஏதும் இருக்கா?” என்று மெல்லக் கேட்டார்.

“ஒமக்கு எதுக்குவே? பூச்சியம்லா காட்டுது.”

உலகம்மாள் கடலைக் கிண்ணத்தோடு வந்தாள். “இந்த மானி ஒடம்பப் பாக்கல சார். பத்து வருசமா ஒரே தாளம், பழகிப்போச்சு. இப்போ மணியப் பாத்துச் சொல்லுது. அந்த மாசம் வந்த வில்லையில புரதம் பாதிதான். பிள்ளைய வயித்துக்குத் தெரிஞ்சுது, அதுக்குத் தெரியல.”

ஆறு மணிக்கு முன் பசிக்கிறது என்று சொல்பவரின் பெயர் பலகையில் ஏற வேண்டும். தேவசகாயமே வகுத்த விதி. அவர் கிண்ணத்தை வாங்கித் தின்றார். பிறகு எழுந்து, உலகம்மாளின் பெயரை அழிக்க விரலை நீட்டினார்.

கொம்பையா இதற்குத்தான் காத்திருந்தார்.

“அழிக்காண்டாம்,” என்றாள் அவள். “அழிச்சா, தப்பு செஞ்சவள மன்னிச்ச மாதிரி ஆயிரும். எம்பேரு இருக்கட்டும். கீழ உங்க பேர எழுதுங்க.”

கொம்பையா தங்கையை ஒரு கணம் பார்த்தார். பிறகு பலகையின் எழுதுகோலை எடுத்துத் தாமே அதிகாரியிடம் நீட்டினார்.

தேவசகாயம் எழுதினார். கொம்பையா அதை எழுத்து எழுத்தாகப் படித்த பிறகே ஒரு கடலையை வாயில் போட்டார். தனக்கும் இன்னும் கொஞ்சம் கிடைக்குமா என்று கேட்டார் அதிகாரி. அவர் மணிக்கட்டில் அப்போதும் பூச்சியம்தான்.